சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லையா? மூன்று வழிகளும் ஒரு குறுக்கு வழியும்

கல்லடியில் மாமா வீட்டு ஹோல் சுவிட்சைக் கழற்றினால் உள்ளே இரண்டே வயர். ஒன்று லைவ், மற்றது பல்புக்குப் போவது. கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் நேரே கூரை ரோசுக்கு, அதாவது பல்ப் வயர் கூரையில் இணையும் வட்ட மூடிக்கு, போய்விட்டது. சாதாரண சுவிட்சுக்கு அது போதும், லைவை வெட்டுவதுதானே அதன் வேலை. போனில் இயக்கும் வைபை சுவிட்சை வாங்கி வந்தபோதுதான் சிக்கல். பல்ப் அணைந்திருக்கும்போதும் அதற்குக் கரண்ட் வேண்டும், வந்த கரண்ட் திரும்பிப் போக வழியும் வேண்டும்.

முதல் வழி, நியூட்ரல் கேட்காத வகைச் சுவிட்ச். அது பல்ப் வழியாகவே கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டுப் பிழைக்கும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்புக்கு அது தெரியவே தெரியாது. மாமா போட்டிருந்ததோ 5 வாட்ஸ் எல்ஈடி. அணைத்த பிறகும் இரவெல்லாம் மின்மினி மாதிரி மினுங்கியது. பல்போடு சமாந்தரமாக ஒரு சின்னக் கெப்பாசிட்டரைப் போட்டதும் நின்றது. ஒரு அறைக்குச் சரி, வீடு முழுக்க என்றால் நான் போடமாட்டேன்.

ரோசுக்குள் வைக்கும் குட்டி வைபை மொடியூல் இரண்டாவது வழி. அங்கே நியூட்ரல் எப்படியும் இருக்கும். ஆனால் நிரந்தர லைவ், அதாவது சுவிட்ச் வழியாக வராத லைவ், இல்லாத ரோஸ் என்றால் சுவர் சுவிட்சை யாராவது அணைத்ததும் மொடியூலும் செத்துவிடும்.

மூன்றாவது வழி, என் தெரிவும் அதுதான், சுவிட்ச் பெட்டிக்குப் புது நியூட்ரல் இழுப்பது. பைப்பில் இடமில்லையென்றால் சுவரை வெட்ட வேண்டும், அந்தத் தூசிக்கு மாமியிடம் முதலே சொல்லிவிடுங்கள். அதையும் அதே லைட் சர்க்கிட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்து பிளக்கிலிருந்து கடன் வாங்கினால், பின்னொரு நாள் பிளக் பிரேக்கரை அணைத்துவிட்டு ஒருவர் அந்த நியூட்ரல் இணைப்பைக் கழற்றுவார். கழற்றும்வரை டெஸ்டர் எரியாது. கழற்றிய கணம், லைட் பக்கத்து முனையில் 230 வோல்ட் நிற்கும்.

குறுக்கு வழி, நியூட்ரலுக்குப் பதில் எர்த்தில் கொடுப்பது. சுவிட்ச் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. லைவில் போனதும் நியூட்ரலில் வந்ததும் ஒன்றா என்று பார்ப்பதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. 30 மில்லிஅம்பியர் வித்தியாசம் வந்தால் விழுந்துவிடும். இப்படி எர்த் வழியே போகும் நாலைந்து சுவிட்சின் கசிவு சேர்ந்தால் காரணம் தெரியாமல் விழத் தொடங்கும். கடல் உப்புக் காற்றில் எர்த் கம்பி இணைப்பு அரித்துப்போனால், அதே எர்த்தில் இணைந்த ஃப்ரிட்ஜ் உடம்பிலேயே கரண்ட் ஏறலாம்.

எலக்ட்ரீசியன் தம்பி திறக்கும்போது பெட்டியில் கறுப்பு வயர் தெரிந்தால் நியூட்ரல் என்று உடனே சந்தோஷப்படாதீர்கள். சிவப்பு-கறுப்பு காலத்து வயரிங்கில் பல்புக்குப் போகும் லைவுக்கும் கறுப்பையே பாவித்திருப்பார்கள்.