கடைசிச் சொட்டு வரை வடிகிறதா? செஞ்சா, கியோகுரோ கெண்டிகள் நீண்ட நாள் புழக்கத்தில்

செஞ்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலைக்கென்று முதல் கெண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 500 மில்லியில் ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் நாலு பேர் இருக்கிறோமே என்ற கணக்கு. இந்தத் தேயிலைக்கு அது ஒத்துவராது. இரண்டு பேருக்கு 5 கிராம் இலை, 150 முதல் 180 மில்லி தண்ணீர், 70 டிகிரி, ஒரு நிமிடம். அதே இலையில் இன்னும் இரண்டு முறை ஊற்றலாம். இதற்கு 200 முதல் 250 மில்லி பிடிக்கும் கியூசு என்னும் ஜப்பானியத் தேநீர்க் கெண்டி தாராளம். பெரிய கெண்டியில் இதே அளவை ஊற்றினால் தண்ணீர் அடியில் தட்டையாகப் பரவிச் சீக்கிரம் ஆறும். வடித்தபின் பத்து மில்லியாவது உள்ளே தங்கும். தங்கியது இலையோடு ஊறிக்கொண்டே இருப்பதால் இரண்டாவது கோப்பை கசக்கும். இலை மோசம் என்று பலர் நினைப்பது பல நேரங்களில் இந்த மிச்சத் தண்ணீரின் வேலைதான்.

கியூசுவின் பிடி மூக்குக்கு ஏறக்குறைய செங்கோணத்தில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். பிடியை விரல்களால் பற்றி, கட்டைவிரலை மூடிமேல் வைத்து, மணிக்கட்டைத் திருப்பினாலே கெண்டி செங்குத்தாகச் சாய்ந்துவிடும். தாரை நின்றதும் ஒருமுறை நிமிர்த்தி மறுபடி சாய்த்தால், சல்லடையில் அப்பிய இலை விலகி இன்னும் ஏழெட்டுச் சொட்டு விழும். அடர்த்தியும் இனிப்பும் அந்தச் சொட்டுகளில்தான். வழக்கமான பிடி வலக்கைக்கானது. இடக்கைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் பிடி வைத்ததும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

மண்ணைவிடச் சல்லடையை நன்றாகப் பாருங்கள். மூக்கின் அடியில் மண்ணிலேயே நுண்துளையிட்ட சல்லடை, சாதாரண செஞ்சாவுக்கு மிக நல்லது. ஃபுகாமுஷி வகை அதிக நேரம் ஆவியில் வெந்து தூளாக உடைந்த இலை. அது இந்தத் துளைகளை அடைத்து, தாரை நூலாக மெலிந்துவிடும். வடிய அரை நிமிடம் கூடினால் துவர்ப்பும் கூடும். ஃபுகாமுஷிதான் தினமும் என்றால், உட்சுவரைச் சுற்றி எஃகு வலை ஓடும் கியூசு எடுங்கள். வலைக்கும் சுவருக்கும் நடுவே தூள் சேரும், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும், அவ்வளவே. தொங்கும் கூடை வடிகட்டி மட்டும் வேண்டாம். அதில் இலை விரிய இடமில்லை. தண்ணீர் குறைவாக இருந்தால் இலையைத் தொடவே தொடாது.

ஜப்பானின் ஐச்சி மாநிலத்துத் தொகோனாமே சிவப்பு மண், மியே மாநிலத்துப் பான்கோ ஊதா மண் இரண்டும் மெருகிடாதவை, இரும்புச்சத்து உள்ளவை. துவர்ப்பை மென்மையாக்கும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் தண்ணீரை ஐந்து டிகிரி குறைத்தால் கிடைக்கும் மாற்றம் அதைவிடப் பெரியது. தொகோனாமேக்குக் காசு கொடுக்க வேண்டிய காரணம் வேறு: மூடி. கெண்டியோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். தண்ணீர் நிரப்பிச் சாய்த்து, மூடித் துளையை விரலால் அடைத்துப் பாருங்கள். நல்ல கெண்டியில் தாரை சட்டென்று நிற்கும். இப்படி இணைத்த மூடி உடைந்தால் வேறு மூடி இவ்வளவு கச்சிதமாக உட்காராது.

நிழலில் வளர்த்த பச்சைத் தேயிலையான கியோகுரோ வேறு கணக்கு. 5 கிராமுக்கு 60 மில்லி, 50 முதல் 55 டிகிரி, இரண்டு நிமிடம். அதில் ஏறக்குறைய 20 மில்லியை இலையே குடித்துவிடும். இந்தச் சூட்டில் கனிந்த சுவை தரும் தியானின் நன்றாக இறங்கும், கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டகின் குறைவாகவே இறங்கும். கை சுடாது என்பதால் ஹோஹின் என்னும் பிடியில்லாத சிறு கெண்டி போதும். சல்லடைக்குப் பதில் விளிம்பில் வரிப்பள்ளம் மட்டும் உள்ள ஷிபோரிதாஷி கெண்டி இன்னும் எளிது, கழுவ அரை நிமிடம். கோப்பை 40 மில்லிக்கு மேல் வேண்டாம். உட்புறம் வெள்ளையாக இருந்தால் நிறம் தெரியும்.

யுசாமாஷி என்னும் ஆற்றுக் கிண்ணத்தை அலங்காரம் என்று தள்ளாதீர்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் சுமார் 10 டிகிரி இறங்கும். கொதிநீர் கிண்ணத்துக்கு, அங்கிருந்து கோப்பைகளுக்கு, பிறகு கியூசுவுக்கு: 70 வந்துவிடும், அளவும் தானாகவே சரியாகும்.

பராமரிப்பில் சோப்பு கூடாது. மெருகில்லா மண் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். வறுத்த தேயிலையான ஹோஜிச்சாவுக்கும் மல்லிகைத் தேநீருக்கும் வேறு கெண்டி வையுங்கள். வெந்நீரில் அலசி, மூடியைத் தனியே வைத்து, கவிழ்த்து உலர்த்துங்கள். துளைகளில் கறை ஏறினால் ஆப்பச்சோடாவும் மெல்லிய பல்துலக்கியும் போதும். புதுக் கெண்டியின் மூக்கு நுனியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். வழியில் மூக்கு உடையாமலிருக்கப் போட்டது அது. சொட்டாமல் இருக்கத்தான் என்று பலர் விட்டுவைக்கிறார்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. முதல் நாளே கழற்றிவிடுங்கள்.