பணம் கொடுக்கும் முன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

அப்பா 2005ல் வாங்கிய சாண்ட்ரோ கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. வாங்கியபோது டீலர் போட்டுக் கொடுத்த கேசட் பிளேயர்தான் அதில் இருந்தது, அதுவும் கேசட்டை விழுங்கிவிட்டுத் துப்ப மறுக்கும். போன தீபாவளிக்கு போனஸ் வந்த கையோடு, நல்ல ஸ்டீரியோவும் சப்வூஃபரும் போட்டுவிடலாம் என்று சென்னை ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பினேன். அந்தத் தெருவில் ஒழுங்காக வேலை செய்கிற கடைகள் நிறைய உண்டு, என் நண்பர்கள் பலர் அங்கேதான் போட்டிருக்கிறார்கள். எனக்கு வாய்த்த கடை அப்படி இல்லை.

மொத்தம் 16,500 ரூபாய் சொன்னார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ 6,500, ஆம்ப்ளிஃபயர் 4,500, பெட்டியோடு 12 இன்ச் சப்வூஃபர் 4,000, ஒயரிங் கிட்டும் கூலியும் சேர்த்து 1,500. ஆம்ப் மேல் கொட்டை எழுத்தில் 1800 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. "சார், வீட்டு வாசல்ல வண்டி வந்தா தெருவுக்கே தெரியும்" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா ஏறிடும் சார், எஸ்டிமேட் தரேன்" என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். கடையின் பெயர்கூட இல்லாத சீட்டு. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இரண்டு பையன்கள் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். அந்த நேரம் முழுக்க நான் எதிரில் டீக்கடையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை எடுத்தபோது பேஸ் நெஞ்சில் வந்து முட்டியது, பரம திருப்தி.

மூன்றாம் நாளிலிருந்து பாட்டுக்குப் பின்னால் ஒரு 'ஙொய்ய்ய்' சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறும். போன் செய்தேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. "பேட்டரி வீக் சார், ஆம்ப் இழுக்குதுல்ல" என்று புது பேட்டரியையும் என் தலையில் கட்டினார்கள். மூன்று வாரத்தில் அந்தப் புது பேட்டரியும் படுத்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, வண்டிக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம்தான் திண்டிவனம் போகும் வழியில் அது நடந்தது. மதுராந்தகம் தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் வாடை. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "யாரோ குப்பையைக் கொளுத்துறாங்கடா" என்றார். அடுத்த நிமிடம் டாஷ்போர்டுக்குக் கீழேயிருந்து புகை. ஓரம் கட்டி எல்லோரையும் இறக்கினேன். சாவியை எடுத்த பிறகும் புகை நிற்கவில்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்ற பத்தாம் நம்பர் ஸ்பானர் வேண்டும், என்னிடம் இல்லை. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு தம்பிதான் ஓடிவந்து கழற்றினான். அவன் இல்லையென்றால் வண்டி நடுரோட்டில் எரிந்திருக்கும். போட்டிருந்ததோ வெறும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ், ஒரு பைசா வந்திருக்காது. முழு பாலிசி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வெளியில் போட்ட ஸ்டீரியோ, ஆம்புக்குக் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்த்தால்தான் அவற்றுக்கும் காப்பீடு உண்டு.

வண்டியை டோ செய்து, எங்கள் ஏரியாவில் முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் அண்ணனிடம் விட்டேன். அவர் கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க தம்பி, இதுக்கா காசு குடுத்தீங்க?"

பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் பவர் ஒயரை, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் துளை போட்டு அப்படியே நுழைத்திருந்தார்கள். துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம், அதாவது குரோமெட், கிடையாது. வண்டி ஆட ஆட, தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, உள்ளே இருந்த கம்பி பாடியில் உரசியிருக்கிறது. ஃபியூஸ் போயிருக்க வேண்டுமே என்றேன். ஃபியூஸ் இருந்தது, ஆனால் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில். பேட்டரிக்கும் அதற்கும் நடுவே நாலு மீட்டர் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. மெயின் ஃபியூஸ் வைப்பது அந்த ஒயரைக் காப்பாற்றத்தான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பேட்டரியிலிருந்து அதிகபட்சம் ஒன்றரை அடிக்குள் அது இருக்க வேண்டும்.

அடுத்தது ஒயர். விரல் தடிமனுக்கு, பார்க்கச் சிவப்பாக, பளபளவென்று இருந்தது. அண்ணன் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினார், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம். அலுமினியம் செம்பைப் போல் கரண்டைக் கடத்தாது, ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். அதே கரண்டுக்கு இன்னும் தடிமனான ஒயர் போட்டிருக்க வேண்டும். தடிமனில் பாதி வெறும் பிளாஸ்டிக் தோல்!

பேட்டரி செத்த மர்மம் இன்னும் அற்பமானது. ஸ்டீரியோவை ஆன் செய்தால் ஆம்பும் ஆன் ஆக, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ரிமோட் ஒயர் ஒன்று ஸ்டீரியோவிலிருந்து வரும். ஆம்பின் ரிமோட் முனையை அதில் கொடுக்காமல், எப்போதும் கரண்ட் இருக்கிற மஞ்சள் ஒயரோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். ஆக, சாவியை எடுத்து வீட்டுக்குள் போய்ப் படுத்தாலும் ஆம்ப் விழித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் மீட்டர் வைத்துக் காட்டினார், சும்மா இருக்கும்போதே 0.9 ஆம்பியர். ஒரு நாளைக்கு 21 ஆம்பியர்-ஹவருக்கு மேல். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-ஹவர்தான். இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் எது தாங்கும்? பழைய பேட்டரி பாவம், அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அந்த 'ஙொய்ய்ய்' சத்தத்துக்கும் காரணம் கிடைத்தது. ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளையும் பவர் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பக்கமாக ஓட்டியிருந்தார்கள், பவர் ஒயரின் இரைச்சல் பாட்டில் கலந்துவிட்டது. ஆம்பின் எர்த் ஒயரை, பாடியின் பெயிண்டைச் சுரண்டாமல் ஒரு ஸ்குரூவில் மாட்டியிருந்தார்கள். வண்டியின் ஒரிஜினல் கப்ளரை, அதாவது ஸ்டீரியோவில் சொருகும் பிளக்கை, வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், சென்னை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. வெட்டாமல் சொருகுவதற்கு அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

1800 வாட்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பில் இருந்த ஃபியூஸ் 25 ஆம்பியர். 14 வோல்ட்டால் பெருக்கினால் 350 வாட்ஸ். அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். அதிலும் கணிசமான பகுதி சூடாகவே வீணாகும், ஸ்பீக்கருக்கு 200 வந்தாலே அதிசயம். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் ஃபியூஸைப் பாருங்கள், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். முழிக்கிற கடைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள்.

நல்ல செம்பு ஒயர், பேட்டரி பக்கத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ், குரோமெட், கப்ளர், கூலி என்று எல்லாம் சேர்த்து அண்ணனுக்குக் கொடுத்தது 3,800 ரூபாய். ஆம்ப் பிழைத்துக்கொண்டது. ஓரம் கருகிய கார்ப்பெட் மட்டும் அப்படியே இருக்கிறது.

கருகிய ஒயரைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "இது நாங்க போட்டது இல்ல சார், வெளியில யார்கிட்டயோ கை வைக்க விட்டிருக்கீங்க" என்றார், கண் சிமிட்டாமல். அவர் கொடுத்த சீட்டில் கடைப் பெயர் ஏன் இல்லை என்று அப்போது புரிந்தது. என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், ஜிபே செய்ததற்கான ஸ்கிரீன்ஷாட்தான். அதை வைத்து 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பஞ்சர் கடைத் தம்பியிடம் அன்று எடுத்த போட்டோக்களை வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணனும் என்னென்ன பார்த்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

புகார் பதிந்த நான்காம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. "எதுக்கு சார் இதெல்லாம், வண்டியக் கொண்டு வாங்க, நானே புதுசா ஒயரிங் பண்ணித் தரேன்." வண்டியை அந்தத் தெருப் பக்கமே கொண்டுவர மாட்டேன், பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒயரிங் கிட்டுக்கு வாங்கிய 1,500ஐ மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறார். வேண்டாத பேட்டரிக்குக் கொடுத்ததும், டோ செய்த செலவும் இன்னும் பாக்கி.