வெயிலில் மண் பாதை: மோட்டோகிராஸ் ஹெல்மெட்டா, டூயல் ஸ்போர்ட்டா?

சித்திரை வெயிலில் மண்ணில் பைக் ஓட்டுபவர்கள் இந்த இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள். மோட்டோகிராஸ் மண் பந்தயத்துக்கானது, முகக் கண்ணாடி கிடையாது. டூயல் ஸ்போர்ட் தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது, ஏற்றி இறக்கும் முகக் கண்ணாடி உண்டு.

காற்று: மோட்டோகிராஸில் கண்ணுக்கு முன் திறந்தே இருக்கும், தாடைப் பகுதி முன்னால் நீண்டிருப்பதால் மூச்சு முட்டாது. மெதுவாக, ஃபுட்ரெஸ்டில் நின்றபடி மேடேறும்போது இதன் அருமை தெரியும். டூயல் ஸ்போர்ட்டில் கண்ணாடியை இறக்கினால் புழுக்கம், ஏற்றினால் கண்ணில் தூசி.

செலவு: மோட்டோகிராஸுக்குக் காகிள்ஸ் (கண்ணை ஒட்டி மூடும் தூசிக் கண்ணாடி) தனியாக வாங்க வேண்டும்.

நெடுஞ்சாலை: டூயல் ஸ்போர்ட்டே சுகம். மோட்டோகிராஸின் நீண்ட முன்விளிம்பைக் காற்று பிடித்துத் தூக்கும், கழுத்து வலிக்கும்.

எதுவானாலும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்பஞ்சு கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் வியர்வை நாற்றம் அப்படியே தங்கிவிடும்.

டிராக், காட்டுப்பாதை மட்டும் என்றால் மோட்டோகிராஸ். தார்ச்சாலையில் போய் மண்ணில் இறங்குபவருக்கு டூயல் ஸ்போர்ட். அதன் முகக் கண்ணாடியைக் கழற்றினால் காகிள்ஸ் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.