திடீரென நின்றுபோகும் கணினி: ஃபார்மட்டா, லோ யாட்டா, வீட்டுச் சோதனையா?

வேலைக்கு நடுவே கணினி நின்றுபோனால் கோலாலம்பூரில் நம்மவர்களிடம் இரண்டு அறிவுரைகள் தயாராக இருக்கும். ஒன்று, "ஃபார்மட் போட்டுவிடு", அதாவது வட்டை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் பதி. மற்றொன்று, "லோ யாட்டுக்குக் கொண்டு போ", அதாவது கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு. வீட்டிலேயே உட்கார்ந்து காரணத்தைத் தேடலாம் என்ற மூன்றாவது வழியைச் சொல்பவர்கள் குறைவு. மூன்றுக்கும் உரிய வேளை உண்டு. எடுத்த எடுப்பிலேயே ஃபார்மட் போடுவது மட்டும் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

எந்த வழிக்குப் போவதானாலும், கணினி எப்படி நின்றது என்பதை முதலில் பாருங்கள். நீலத்திரை காட்டியதா, விளக்கை அணைத்தது போலப் பட்டென்று நின்றதா? கணினியில் நடப்பவற்றைப் பதிவு செய்து காட்டும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளுக்குள், 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருக்கும். அதையே நோய் என்று எடுத்துக்கொண்டு புதிய பவர் சப்ளை வாங்கிவிடுபவர்கள் உண்டு. முறையாக மூடப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறொன்றும் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதியில் உள்ள 'பக்செக்கோட்' என்ற வரிதான் முக்கியம். அங்கே 0 அல்லாத எண் இருந்தால், விண்டோஸ் ஒரு பிழையைக் கண்டு தானே நிறுத்தியிருக்கிறது. 0 என்றால், பிழையைப் பதிவு செய்யவே அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரம் விட்டுப்போயிருக்கலாம், பவர் சப்ளை பழுதாகியிருக்கலாம், அல்லது கணினி உறைந்துபோய் நீங்களே பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கலாம். இந்த ஒரு வரியைப் பார்க்கக் காசு செலவில்லை. தேடல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும்.

இப்போது ஃபார்மட்டை எடுத்துக்கொள்வோம். கெட்டுப்போன டிரைவர் மென்பொருள், சிதைந்த கோப்புகள், தீநிரல் ஆகியவற்றுக்கு அது மருந்துதான். மெமரி (ரேம்) பழுது, சூடு, மின்சாரக் கோளாறு எதையும் அது தொடாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில், செயலியே தேய்ந்து கணினி நின்றுபோகும் சிக்கல் வந்ததைப் பாருங்கள். அதற்கான மைக்ரோகோடு (செயலிக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு வழியாக வந்தன. ஏற்கெனவே தேய்ந்துவிட்ட செயலியை அந்தத் திருத்தமும் மீட்காது. மாற்றியே ஆக வேண்டும். அப்படிப்பட்ட கணினியில் எத்தனை முறை விண்டோஸைப் பதித்தாலும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளும் குடும்பப் படங்களும் அழிவதுதான் மிச்சம்.

'ஃபார்மட் போட்டால் கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்று தெரிந்துவிடும் அல்லவா?' என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வட்டைத் தொடாமல் சில மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அங்கேயும் நின்றுபோனால் விண்டோஸ் மீது பழி போட முடியாது.

மெமரிச் சோதனையிலும் இரு போட்டியாளர்கள் இருக்கிறார்கள். விண்டோஸோடு வரும் சோதனை எளிது, விரைவாக முடிந்துவிடும், ஆனால் பிழைகளைத் தவறவிடவும் கூடும். இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ பென்டிரைவிலிருந்து ஓடுகிறது. இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த மெமரியை நம்பக் கூடாது. என் தேர்வு இதுதான். பயாஸில் உள்ள எக்ஸ்.எம்.பி. அமைப்பால் மெமரி வேகம் கூட்டப்பட்டிருந்தால், முதலில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். சிலருக்கு அதோடு சிக்கல் தீர்ந்துவிடும்.

புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நம்மிடம் இல்லாத ஒன்று அங்குள்ள கடைகளிடம் இருக்கிறது: உதிரிப்பாகங்கள். பக்செக்கோட் 0 என்று காட்டி, விளையாட்டோ காணொளித் தொகுப்போ ஓடும்போது மட்டும் கணினி அணைகிறது என்றால் சூட்டோடு பவர் சப்ளையையும் சந்தேகிக்க வேண்டும். வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதைவிட உறுதியான சோதனை அதற்குக் கிடையாது. வீட்டில் அதற்கு வழியில்லை. ஆனால் கடைக்காரரிடம் நேரம் இல்லை. வாரம் ஒரு முறை வரும் கோளாறு குளிரூட்டிய கடைக்குள் அரை மணி நேரத்தில் தலைகாட்டாது. செந்தூலில் 30 டிகிரியைத் தாண்டிய அறையில், தூசி அடைத்த விசிறியோடு, மாலை இடிமழை வேளையில் நடப்பது அங்கே நடக்காது. அந்த அவகாசமும் சூழலும் நம்மிடம்தான் இருக்கின்றன. இடிமழை நாட்களில் மட்டும் நிற்கிறது என்றால், கணினியைத் திறப்பதற்கு முன் அதே சுவர்ச் செருகியில் உள்ள மற்றச் சாதனங்களையும் கவனியுங்கள். அவையும் ஒரு கணம் துடித்தால், மின்சாரம் தடைப்படும்போது மின்கலத்தால் தாங்கிக்கொள்ளும் யு.பி.எஸ். வாங்குவது பயன் தரும்.

ஆகவே என் வரிசை இது: முக்கியக் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுப்பது, பதிவுகளைப் பார்ப்பது, உபுண்டு, மெமரிச் சோதனை, பிறகு கடை. வன்பொருளில் குறையில்லை என்று தெளிவான பிறகே ஃபார்மட். உத்தரவாதம் முடியாத மடிக்கணினி என்றால் மூடியைத் திறக்காமல் விற்ற இடத்துக்கே கொண்டு செல்லுங்கள். நான் மேலே சொன்ன இன்டெல் செயலிகளுக்கு உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டு கூட்டப்பட்டிருக்கிறது. ரசீதைத் தேடி எடுங்கள்.

கடைக்குப் போகும்போது நின்ற தேதி, நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, பக்செக்கோட் எண், மெமரிச் சோதனையின் முடிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்த பிறகும் எதையும் சோதிக்காமல் "ஃபார்மட் போடலாம்" என்று சொல்கிற கடையில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள்.