கார் கீழே போகட்டுமா, வெளியே போகட்டுமா?

பழைய கார் பார்க்கிங் ஒன்றில் ஆய்வுக்கூட வளாகம் வரப்போகிறது என்றால், முதல் கூட்டத்திலேயே எந்த மரம் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் முடிவாக வேண்டியது மரம் இல்லை, கார். அங்கே நின்ற கார்களை நிலத்துக்கு அடியில் இறக்கிவிட்டு மேலே தோட்டம் போடுவதா? இல்லை, வளாகத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தாரைப் பெயர்த்து, அந்த மண்ணையே தேற்றுவதா?

சின்ன விஷயம் இல்லை இது. வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் தேவை. 400 கார் நின்ற இடம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாது.

கீழே இறக்கும் வழிக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். கேம்பிரிட்ஜின் கெண்டல் ஸ்கொயரில் அதற்கு இருந்த திறந்தவெளிப் பார்க்கிங் மனைகளில் இப்போது உயரமான கட்டடங்கள் நிற்கின்றன. கார்கள் பூமிக்கு அடியில் போய்விட்டன, மேலே மரமும் உட்காரும் இடமும் வந்திருக்கின்றன. எம்.ஐ.டி. மியூசியமும் 2022 அக்டோபரில் அங்கேதான் திறந்தது. சார்ல்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாஸ்டன் போஸ்ட் ஆபீஸ் ஸ்கொயரில் இதற்கு முன்பே செய்து காட்டியிருந்தார்கள். அங்கிருந்த பல மாடி பார்க்கிங் கட்டடத்தை 1988இல் இடித்தார்கள். அடியில் 7 தளங்களில் 1,400 கார் நிற்க இடம் எடுத்து, 1992இல் மேலே பூங்கா போட்டார்கள். பூங்காவைப் பராமரிக்கும் செலவு கீழே வசூலாகும் பார்க்கிங் கட்டணத்திலிருந்தே வருகிறது. தோட்டக்காரர் சம்பளத்துக்கு வருஷா வருஷம் நிதிப்பிரிவின் வாசலில் நிற்க வேண்டாம். இந்த வழிக்கு இதைவிடப் பெரிய வாதம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அது என்ன தோட்டம்? மொட்டைமாடித் தோட்டம்தான். மாடியில் தொட்டி வைத்தவர்களுக்குத் தெரியும், கனம் ஒரு பக்கம், ஒழுகல் ஒரு பக்கம். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 டன் கனக்கும். கார் நிற்கும் தளத்தைச் சதுர மீட்டருக்குக் கால் டன் சுமைக்குக் கணக்குப் போடுவது வழக்கம். அதன்மேல் ஒரு மீட்டர் மண் போட்டால் ஏழு மடங்கு. தூணும் தளமும் தடிமனாகும், செலவு ஏறும், கடைசியில் யாரோ ஒருவர் மண்ணின் ஆழத்தைக் குறைப்பார். பெரிய மரம் போய் புல் வரும். ஆய்வுக்கூடம் என்றால் தீயணைப்பு வண்டியும் திரவ நைட்ரஜன் லாரியும் எந்நேரமும் வர வழி வேண்டும். அந்தச் சுமையும் இதே தளத்தின் தலையில்தான். மண்ணுக்கு அடியில் விரித்த நீர்த்தடுப்பு என்றைக்காவது கிழியும். அன்றைக்குத் தோட்டத்தைத் தோண்டி எடுத்தால்தான் கீழே ரிப்பேர் பார்க்க முடியும்.

சரி, கார்களை வெளியே அனுப்பிவிட்டோம். தாரைப் பெயர்த்தால் கீழே தோட்ட மண்ணா இருக்கும்? ஜல்லியும் ரோலர் ஓடி இறுகிய தரையும்தான். கடப்பாரை போட்டால் ‘டங்’ என்று திரும்பி வரும், வேர் எங்கே நுழைவது? பார்க்கிங்கின் மேல்பூச்சையும் கவனிக்க வேண்டும். நிலக்கரித் தார் கலந்த பூச்சிலிருந்து நச்சு ஹைட்ரோகார்பன்கள் ஓடைகளுக்குப் போவது தெரிந்த பிறகு, டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் 2006இல் அதற்குத் தடை போட்டது. மண்ணைச் சோதிக்காமல் மழைநீரை அதற்குள் இறக்குவது வம்பு.

இறுகிய தரையில் மரம் வளர்க்க மூன்று முறைகள் பிரபலம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் நீனா பாசுக் குழு 1990களில் கண்டது ஜல்லிக் கலவை. முக்கால் முதல் ஒன்றரை இஞ்ச் ஜல்லி எடையில் ஏறக்குறைய 80 சதவீதம், மீதி களிச்சேர்ந்த மண், ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீரில் ஊறிப் பசையாகும் பொருள். எவ்வளவு திமிசு போட்டாலும் சுமையை ஜல்லி தாங்கும், வேர் இடுக்கில் போகும். மலிவுதான், ஆனால் ஒரு லாரி கலவையில் மரத்துக்குச் சாப்பாடு கொஞ்சம்தான். சில்வா செல் வேறு வகை: பிளாஸ்டிக் சட்டங்களை அடுக்கி, அவை நடைபாதையைத் தாங்க, உள்ளே இறுக்காத நல்ல மண்ணை நிரப்புவது. மரம் செழிக்கும், பில்லும் செழிக்கும். நாளைக்கு அந்த வழியே குழாயோ கேபிளோ பதிக்க வருபவர் பாடு திண்டாட்டம்.

எனக்குப் பிடித்தது ஸ்டாக்ஹோம் முறை. 10, 15 சென்டிமீட்டர் கற்களை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்குகிறார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஹோஸ் பைப்பால் மண்ணைக் கற்களின் இடுக்குகளில் கழுவி இறக்குகிறார்கள். மேலே காற்றோட்டத்துக்கு ஒரு கல்லடுக்கு. மழைநீரும் அந்த வழியாகவே இறங்கும். பிற்பாடு உயிர்க்கரியும், அதாவது செடிகொடிக் கழிவைக் காற்றில்லாமல் சுட்டெடுத்த கரியும், சேர்த்துக்கொண்டார்கள். உடைத்த கான்கிரீட்டையும் இதில் கல்லாகப் போடலாம், கான்கிரீட்டின் சுண்ணாம்பைத் தாங்கும் மரமாகப் பார்த்து வைத்தால் போதும். பார்க்கிங்கை உடைக்கும் இடத்தில் இது எவ்வளவு வசதி!

அப்புறம் தண்ணீர். ஒரு ஹெக்டேரில் 40 மில்லிமீட்டர் மழை என்றால் 4 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 33 லோடு. எம்.ஐ.டி. இருப்பதே சார்ல்ஸ் ஆற்றோரச் சேற்றை நிரப்பி எடுத்த மேட்டில். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் அந்த மண்ணில், ஊறவிட்டால் போதும் என்று சொல்லிவிட முடியாது. 2004இல் அங்கே திறந்த ஸ்டேட்டா சென்டர் கட்டடத்தில், லாரி ஒலின் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஈரநிலச் செடிகளோடு ஒரு மழைப்பள்ளம் அமைத்தார். அங்கே வடிகட்டிய நீர் கழிவறைகளுக்குப் போகிறது. ஸ்டேட்டாவிலும் நிலத்தடிப் பார்க்கிங் உண்டு, ஆகவே இதை இரண்டாம் வழியின் கட்சியில் நான் சேர்க்க மாட்டேன்.

என் ஓட்டு யாருக்கு? இடம் இருந்தால் கார் ஓரத்துக்கு. நகர நடுவில், கார் கீழேதான் போயாக வேண்டும் என்றால், அது கட்டடத்தின் அடியோடு நிற்கட்டும், தோட்டத்தின் அடியில் வேண்டாம். அங்கே தரையாவது தரையாக இருக்கட்டும். வரைபடம் போடும் முன்பே, மண் சோதனையில் பிரச்சினை இல்லை என்று வந்த பிறகு, தாரில் நாலு இடத்தில் வெட்டி இரண்டடிக் குழி எடுத்து, மாலையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால், ஸ்டேட்டா மாதிரித் தேக்கி எடுக்கும் தொட்டிக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டியதுதான்.