ஜப்பான் புத்தக் கோயில் குரூப் டூரா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நவம்பரில் கியோட்டோ, நாரா பக்கம் மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும். அந்தச் சமயம் பார்த்து நம் ஊர் ஏஜென்சிகள் 'ஜப்பான் புத்தக் கோயில் தரிசனம்' என்று பேக்கேஜ் போடுகிறார்கள். நாங்கள் போனது சென்னை நிறுவனம் ஒன்றின் வழியாக. கேஸ், நோட்டீஸ் என்று அலையத் தெம்பில்லாததால் பெயர் போடவில்லை. செய்ததை மட்டும் சொல்கிறேன்.

கின்காக்குஜி, அதாவது தங்கத் தகடு போர்த்திய மண்டபம். 1950-இல் எரிந்து, 1955-இல் திரும்பக் கட்டியது. நுழைவுக் கட்டணம் பேக்கேஜிலேயே அடக்கம் என்றுதான் சென்னையில் சொன்னார்கள். கைடு எங்களை ஓரமாக நிறுத்திவிட்டுத் தான் மட்டும் கவுன்டருக்குப் போய்வந்தார். எல்லாம் பார்த்து முடித்து பஸ்ஸில் ஏறியதும் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். நீளமான வெள்ளைத் தாள், தூரிகையால் எழுதிய கறுப்பு எழுத்து, நடுவே சிவப்பு முத்திரை. துறவிகள் பூஜையில் வைத்துத் தந்தது, வீட்டில் ஒட்டினால் குடும்பத்துக்குக் காப்பு, ஒன்று 1,500 யென் என்றார். என் சித்தி மருமகளுக்கும் சேர்த்து இரண்டு வாங்கினார்.

மறுநாள் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டின்போது, தனியாக ஊர் சுற்ற வந்திருந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது டிக்கெட்தானே?" என்றார். ஆமாம், கின்காக்குஜியில் நுழைவுச் சீட்டே அந்தக் காப்புத் தாள்தான். பெரியவர்களுக்கு 500 யென். எங்கள் டிக்கெட்டை எங்களுக்கே விற்றிருக்கிறார் மனுஷன்! சித்தி வாங்கிய இரண்டாவது, வேண்டாம் என்று சொன்ன யாரோ ஒருவருடையதாக இருக்க வேண்டும்.

அடுத்து சைஹோஜி. பாசிக் கோயில் என்பார்கள். விளம்பர நோட்டீஸின் அட்டைப்படமே அதுதான். 1977 முதல் முன்பதிவு செய்தவர்களைத்தான் உள்ளே விடுகிறார்கள். எங்களுக்கு யாரும் பதிவே செய்யவில்லை. "இன்று கோயில் லீவு" என்றார் கைடு. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

நாரா போன அன்றுதான் வயிறு எரிந்தது. காலை முழுக்க ஒசாகாவில் ஒரு டியூட்டி ஃப்ரீ கடைக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மாத்திரை, காந்த மெத்தை என்று ஓயாமல் பேசினார். அப்புறம் தோதாய்ஜியில் அரக்கப்பரக்க ஒரு சுற்று. 752-இல் அங்குள்ள பெரிய புத்தருக்குக் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. நான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே அவரால்தான். அவரைப் பற்றிக் கேட்டால், "வெளியே மான்களுக்கு பிஸ்கட் வாங்கிப் போடுங்கள், போட்டோ நன்றாக வரும்" என்று பதில் வருகிறது.

ஹோர்யூஜியில் இருப்பவை உலகில் இன்றும் நிற்கிற மரக் கட்டடங்களிலேயே மிகப் பழையவை. நவம்பர் 4 முதல் மாலை 4.30-க்கே மூடிவிடுவார்கள். ஆண்டுதோறும் ஆட்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது தெரியாதா? நாங்கள் போய் இறங்கும்போது கதவு சாத்தியாகிவிட்டது. ஐந்தடுக்குக் கோபுரத்தின் உச்சி மட்டும் மதிலுக்கு மேலே தெரிந்தது. அதைப் போட்டோ எடுக்கச் சொல்லி, பார்த்த கோயில் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

எந்தக் கோயில், எத்தனை மணிக்கு, உள்ளே போவோமா வெளியே நிற்போமா, வழியில் எத்தனை கடை: இவ்வளவையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான கோயில்கள் ஐந்து மணிக்குள் மூடிவிடும். கியோமிசு காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. கட்டணம் கவுன்டரிலேயே எழுதியிருக்கும், நீங்களே போய்ப் பாருங்கள். 2018 முதல் ஜப்பானில் உரிமம் இல்லாதவர்களும் கூலி வாங்கிக்கொண்டு கைடு வேலை பார்க்கலாம். அதனால் அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்ற கைடுதானா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். தர முடியாதாம், அடுத்த டூரில் தள்ளுபடி தருகிறார்களாம். கூடவே அனுப்பிய புது நோட்டீஸிலும் அட்டைப்படம் பாசிக் கோயில்தான்.