கிரஹாம்ஸ் 10 ஆண்டு டானி: கொடுத்த காசுக்கு மேலே

டானி என்றால் மரப்பீப்பாயில் முதிரவிட்ட போர்ட், அதாவது போர்ச்சுகலின் இனிப்பு ஒயின். கிரஹாம்ஸ் நிறுவனத்தின் இந்தப் பாட்டிலை அந்நாட்டின் போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில், வீலா நோவா ட காயாவில் வாங்கினேன், 20 யூரோ சொச்சம்தான். 10 என்று போட்டிருந்தாலும் ஒரே வருடத்துச் சரக்கு இல்லை, மரப்பீப்பாயில் கிடந்த பல வருட ஒயின்களின் கலவை. அதனால்தான் சிவப்பு வெளிறி, கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம் தெரிகிறது.

மூக்கில் முதலில் வறுத்த பாதாம், அப்புறம் உலர்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல். நாக்கில் நல்ல தித்திப்பு, ஆனால் திகட்டுவதற்குள் ஒரு புளிப்பு வந்து துடைத்துவிடுகிறது. 20 சதவீத ஆல்கஹால் என்பதால் சின்ன கிளாஸே போதும், சற்றுக் குளிரவைத்துக் குடியுங்கள், அறைச்சூட்டில் ஸ்பிரிட் நெடி முந்திக்கொள்கிறது. சாக்லேட்டை விட முட்டைக் கஸ்டர்டுதான் எனக்குப் பொருந்தியது. திறந்து 3 வாரமாகியும் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கிறது, இன்னும் பாதி பாட்டில் பாக்கி.